தலைக்கு எண்ணெய்: முடிக்கு உதவுவது எது, உதவாதது எது?

விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்படும் முன்பே பிள்ளைகளின் தலையில் தேங்காயெண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டிவிட்டுப் போன தாய்மார்களைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, எத்தனையோ பழக்கங்கள் லயத்தோடு நின்றுவிட்டன. எண்ணெய்ப் புட்டி மட்டும் கூடவே வந்துவிட்டது.

இன்று அந்தப் புட்டிக்குப் பக்கத்தில் வேறு பல புட்டிகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கரிசலாங்கண்ணித் தைலம், வெங்காய எண்ணெய், ரோஸ்மேரி எண்ணெய், "21 நாளில் முடி வளரும்" என்று வாட்சப்பில் விற்கப்படும் மூலிகை எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு புட்டிக்கு 50, 60 ரிங்கிட் கொடுத்து வாங்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து அடுத்த புட்டியைத் தேடுகிறவர்கள் பலர். எண்ணெயால் பயனே இல்லை என்பது இதற்குப் பொருளல்ல. எண்ணெய் செய்யக்கூடிய வேலை ஒன்று. அதனிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை வேறொன்று. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தோலுக்கு மேலே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பை மட்டுமே. அங்கிருந்துதான் முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்த வேருக்கு வேண்டிய உணவை இரத்தம் கொண்டு போகிறது. மேலே தடவும் எண்ணெய் கொண்டு போவதில்லை. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். அவற்றில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி வந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? வெளியே தெரியும் முடியைக் காப்பதற்கு.

தலைமுடியை நனைக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்புகிறது; காயும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் இப்படி உப்பிச் சுருங்குவதால், மீன் செதில்போல் முடியைப் போர்த்தியிருக்கும் மேல்படலம் தேய்கிறது. ஷாம்பு போட்டுச் சீப்பால் இழுக்கும்போது உள்ளிருக்கும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து போகிறது. நுனி பிளப்பதும் பாதியில் உடைவதும் இதனால்தான். 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைந்துவிடுகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகின்றன. ஆய்வை நடத்தியவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவுகிறது என்பதை வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பாட்டிமார்கள் தேர்ந்தெடுத்தது சரியான எண்ணெயைத்தான்.

எண்ணெய் வைக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வழிய வாரிக்கொண்டு நாள் முழுதும் இருப்பதைவிட, குளிப்பதற்கு முன்பு வைப்பதே அதிகப் பயன் தரும். நீர் படும் முன் எண்ணெய் உள்ளே போயிருந்தால் முடி அவ்வளவாக உப்பாது. தோள்வரை முடி உள்ளவருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். முடியின் நடுவிலிருந்து நுனிவரை நன்றாகத் தடவ வேண்டும்; பழைய முடி நுனியில்தான் இருக்கிறது, அதற்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசலாம். வாரத்துக்கு இரண்டு முறை செய்தால் போதும்.

தீபாவளியன்று வைக்கும் நல்லெண்ணெய் தேங்காயெண்ணெயைவிடக் கனமானது. முடிக்கு வழவழப்புத் தரும், குளிர்ச்சி என்ற உணர்வையும் தரும். விளக்கெண்ணெய் இன்னும் கெட்டி. அதைத் தனியாகத் தடவினால் முடி சிக்குப் பிடித்து, அலச முடியாமல் தவிக்க வேண்டிவரும். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காயெண்ணெய் கலப்பதே வழக்கம். விளக்கெண்ணெய் புருவத்தையும் முடியையும் அடர்த்தியாக்கும் என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், அதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை.

கரிசாலைத் தைலம் காய்ச்சும் பக்குவம்

மூலிகை எண்ணெய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கரிசலாங்கண்ணி. மலாய்க்காரர்கள் இதை உராங் அரிங் என்பார்கள். அவர்களுடைய வீடுகளிலும் இது தலைமுடிக்கான பழைய மருந்துதான். அந்தப் பெயரிலேயே மலாய்க் கடைகளில் எண்ணெய் விற்கப்படுகிறது. ஈரமான கால்வாய் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் தானாக முளைக்கும் செடி. சிறிய வெள்ளைப் பூ, சொரசொரப்பான இலை. தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சற்று நேரத்தில் சாறு கருத்துவிடும். செடி சரியானதுதானா என்று பார்க்க இதுவே எளிய வழி.

பறிக்கும் இடத்தில் கவனம் தேவை. செம்பனைத் தோட்டங்களின் வரிசைகளிலும், சாலையோரங்களிலும், கால்வாய்க் கரைகளிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மருந்து பட்ட செடி ஒரு சில நாள் பச்சையாகவே நிற்கும், பார்த்தால் தெரியாது. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எவ்வளவோ நல்லது. ஒரு துண்டுத் தண்டை ஈர மண்ணில் நட்டால் பிடித்துக்கொள்ளும், பெரிய வேலை ஒன்றுமில்லை.

காய்ச்சும் முறை வீட்டுக்கு வீடு மாறும். அரை லிட்டர் தேங்காயெண்ணெய்க்கு ஒரு கோப்பைக் கரிசலாங்கண்ணிச் சாறு என்பது பொதுவான அளவு. சிலர் கறிவேப்பிலை, நெல்லிக்காய், வெந்தயம் ஆகியவற்றையும் அரைத்துச் சேர்ப்பார்கள். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயையும் சாற்றையும் ஒன்றாக ஊற்றி, சிறு தீயில் வைக்க வேண்டும். முதலில் நுரைத்துக்கொண்டு வரும்; சலசலவென்று சத்தம் கேட்கும். சாற்றிலுள்ள நீர் ஆவியாகும் சத்தம் அது. அடியில் படியும் கசடு முதலில் சேறுபோல் இருக்கும். பிறகு உருட்டினால் மெழுகுபோல் திரளும். அதன் பின் மணல்போல் உதிரத் தொடங்கும். சத்தம் முழுதும் அடங்கி, கசடு மெழுகுப் பதம் தாண்டி மணல் பதத்தைத் தொடும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கசடை ஒரு துளி எடுத்துத் திரியில் தடவிக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பக்குவம் வெறும் சம்பிரதாயம் அல்ல. நீர் தங்கிய எண்ணெயில் பூஞ்சை பிடிக்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது. மணல் பதத்தையும் தாண்டிக் கருகவிட்டால் எண்ணெய் தீய்ந்த வாடை அடித்து, தோலை உறுத்தும். நன்றாக ஆறிய பின் துணியில் வடித்து, ஈரமே இல்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். ஈரக் கையையோ கரண்டியையோ உள்ளே விடக் கூடாது. காறல் வாடை வந்துவிட்டால், எவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சியதாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

இதனால் முடி வளருமா? கரிசலாங்கண்ணிச் சாறு முடி வளர்ச்சியைத் தூண்டியதாகச் சொல்லும் ஆய்வுகள் எலிகளிடம் நடத்தப்பட்டவை. மனிதர்களிடம் அது அப்படியே பலிக்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. தேங்காயெண்ணெய் தரும் பாதுகாப்பும், முடிக்குக் கிடைக்கும் கருமையான பளபளப்பும், இதமாகத் தேய்த்துவிடும் சுகமும் நிச்சயம். அதற்கு மேல் கிடைத்தால் லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரப்பும் சீகைக்காயும்

எண்ணெய் வைத்த தலையைக் கழுவுவதற்கும் நம்மவர்களிடம் பொருள்கள் உண்டு. சீகைக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. ஷாம்பு அளவுக்கு நுரை வராது. ஆனால் எண்ணெயை அளவோடு எடுக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும் என்பது சிறுவயதில் கிணற்றடியிலும் பொதுக்குழாயடியிலும் அழுதவர்களுக்குத் தெரியும். சாயம் போட்ட முடி, இரசாயனத்தால் நேராக்கிய முடி ஆகியவற்றுக்குச் சீகைக்காய் வறட்சியைத் தரலாம். அரப்புத் தூள் அதைவிட மென்மையானது.

செம்பருத்தி இலை மற்றொரு நல்ல பொருள். 1960 முதல் நாட்டின் தேசிய மலராக இருக்கும் புங்கா ராயா இதுதான். தாமான் வேலிகளில் எங்கும் பூத்துக் கிடக்கிறது. இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் வரும் வழவழப்பான கூழ் முடியின் மேல் படிந்து சிக்கை எடுக்கும். கடையில் வாங்கும் கண்டிஷனர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. இரவில் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் அப்படித்தான். துகள் தங்காதபடி நன்றாக அலச வேண்டும். தங்கினால் அது காய்ந்து உதிர்வதைப் பொடுகு என்று நினைத்து மறுபடியும் எண்ணெய் வைப்பார்கள்.

பொடுகுத் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

பரவலான தவறு இங்கேதான் நடக்கிறது. தலை வறண்டிருப்பதால் பொடுகு வருகிறது, எண்ணெய் வைத்தால் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான பொடுகு வறட்சியால் வருவதல்ல. எல்லோர் தலையிலும் குடியிருக்கும் மாலசீசியா என்ற பூஞ்சை, தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உணவாகக் கொள்கிறது. அது மிச்சம் விடும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்த, அரிப்பும் செதிலும் வருகின்றன. அந்தத் தலையில் எண்ணெய் வைத்து இரவெல்லாம் ஊறவிடுவது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது போலத்தான். ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் இன்னும் மோசம். எண்ணெய் வைத்த அன்று செதில் அடங்கியதுபோல் தெரியும். அது செதில் முடியோடு ஒட்டிக்கொள்வதால் ஏற்படும் தோற்றம். இரண்டு நாளில் அரிப்பு திரும்பும்.

பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலை விட்டுவிட்டு முடியின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் எண்ணெய் வைக்கலாம். மருந்தகங்களில் கிடைக்கும் கீட்டோகொனசோல், சிங்க் பைரித்தியோன், செலினியம் சல்ஃபைடு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்த ஷாம்புவை வாரம் இருமுறை போட்டு, ஐந்து நிமிடம் விட்டு அலசினால் சில வாரங்களில் கட்டுப்படும். எண்ணெய்த் தலையோடு தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வெயிலில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு நெற்றியோரம் பருவும் கொப்புளமும் வருவதற்கும் இதே எண்ணெய்ப்பசையும் வியர்வையும்தான் காரணம். அவர்கள் எண்ணெயை ஓய்வு நாளுக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது.

கொத்துக் கொத்தாக உதிரும்போது

எந்த எண்ணெயைப் பற்றிக் கேட்டாலும், "எனக்குக் கை மேல் பலன் கிடைத்தது" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. டிங்கி காய்ச்சல் வந்து தேறியவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் திடீரென்று முடி கொட்டும். பிள்ளை பெற்ற தாய்க்கும் மூன்று நான்கு மாதத்தில் இதேபோல் கொட்டும். அறுவை சிகிச்சை, கடுமையான மனக்கவலை, பட்டினி உணவுமுறை ஆகியவற்றுக்குப் பிறகும் அப்படியே. உடல் பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், சில மாதம் கழித்துச் சேர்ந்து உதிர்கின்றன. வேர் சாகவில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முடி தானாகவே திரும்பி வந்துவிடும். கொட்டுவதைப் பார்த்துப் பயந்து எண்ணெய் வாங்கியவர் அந்தக் காலத்தில்தான் அதைத் தடவிக்கொண்டிருப்பார். முடி வந்ததும் புகழ் எண்ணெய்க்குப் போய்விடுகிறது.

இதில் இழப்பு ஒன்றுமில்லையே என்று தோன்றலாம். வேறு காரணம் இருக்கும்போதுதான் இழப்பு. இரும்புச்சத்துக் குறைவு பெண்களிடம் பரவலாக உண்டு. மாதவிடாயில் அதிக இரத்தம் போகிறவர்கள் முடி கொட்டுவதோடு களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் இரத்தம் சோதித்துப் பார்ப்பது அவசியம். தைராய்டு சுரப்பிக் கோளாறிலும் முடி உதிரும். தலையில் வட்ட வட்டமாக வழவழவென்று முடி போவது புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் அதற்கும் புழுவுக்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி தன் முடி வேரையே தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயச் சாறு தடவும் வழக்கம் இதற்குத்தான் வந்தது. 2002-இல் ஈராக்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வு அதில் ஓரளவு பலன் கண்டது. ஆனால் புழுவெட்டு பலருக்குத் தானாகவே சரியாகும் என்பதால் அந்த ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது. சாதாரண முடி உதிர்வுக்கு வெங்காய எண்ணெய் விற்பதற்கு அந்த ஆய்வு இடம் தரவும் இல்லை.

ஆண்களுக்கு நெற்றியின் இரு பக்கமும் உச்சியிலும் முடி மெலிந்துகொண்டே போவது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. ரோஸ்மேரி எண்ணெய் இதற்கு உதவும் என்ற பேச்சு, 2015-இல் ஈரானில் 100 பேரிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. 2 விழுக்காடு மினாக்ஸிடில் மருந்துக்கு இணையாக அது இருந்ததாக அந்த ஆய்வு கூறியது. ஒன்றும் தடவாத மூன்றாவது குழு அதில் இல்லாததால், எவ்வளவு பலன் என்பது தெளிவாகவில்லை. ரோஸ்மேரி எண்ணெயை முயல விரும்புகிறவர்கள் சில துளிகளைத் தேங்காயெண்ணெயில் கலந்தே தடவ வேண்டும். நேரடியாகப் பட்டால் தோல் எரியும்.

நடனத்துக்கும் பள்ளிக்கும் இழுத்துக் கட்டும் கொண்டையும் பின்னலும் முன்நெற்றி முடியை வேரோடு தளர்த்தும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அந்த முடி திரும்புவதில்லை. இதற்கு மருந்து, பின்னலைத் தளர்த்துவதுதான்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

முடி விஷயத்தில் பெரியவர்கள் ஏமாந்தால் போவது பணம். குழந்தைகள் விஷயம் அப்படியல்ல.

பேனுக்கும் பொடுகுக்கும் வேப்பெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். பெரியவர் தலையில் தடவுவதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே எண்ணெயைச் சளிக்கும் வயிற்று வலிக்கும் கைக்குழந்தைகளுக்குப் புகட்டும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. அப்படிக் குடித்த குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவற்றோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. வேப்பெண்ணெய்ப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டிகூட வாய்க்குள் போகக் கூடாது. எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுவதையும் பிள்ளைகளுக்குத் தவிர்ப்பது நல்லது. விழுங்கினால் கற்பூரமும் வலிப்பை உண்டாக்கும்.

மருதாணியில் வேறோர் ஆபத்து உண்டு. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிக்கிறார்கள். குறைபாடு உள்ள குழந்தையின் தோலில் மருதாணி பூசினால், அதிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் உடம்புக்குள் போய் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தை வெளிறும், மஞ்சள் பூக்கும், சிறுநீர் கறுக்கும். திருமணத்துக்கு வந்த இடத்தில், அழகுக்காகப் பச்சைக்குழந்தையின் கையில் வைத்த ஒரு பொட்டு மருதாணி வம்பில் முடியலாம். குறைபாடு உண்டு என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குத் தலையிலும் கையிலும் மருதாணி வேண்டாம். அந்துருண்டையும் அவர்களுக்கு ஆகாது.

பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய தோட்டத்து வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. தோல் வெந்துபோகும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருந்தால் நெருப்புப் பிடிக்கும். தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ தாராளமாகப் பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் செய்தால் ஈர் பொரிந்து வருவதையும் பிடித்துவிடலாம். வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மருந்தகத்தில் பேன் மருந்து கிடைக்கிறது. பிள்ளையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து திட்டுத் திட்டாகப் போயிருந்தால் அது தலைப் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும். எந்த எண்ணெயும் உதவாது. சீப்பின் வழியாகத் தம்பி தங்கைகளுக்கும் தொற்றும்.

கடையில் வாங்கும்போது

மலேசியாவில் விற்கப்படும் தலை எண்ணெயும் ஷாம்புவும் அழகுப் பொருளாகத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் தரப்படுகிறது. நோயைத் தீர்க்கும் பாரம்பரிய மருந்து என்று விற்பதானால் எம்.ஏ.எல். என்று தொடங்கி, டி என்று முடியும் பதிவு எண் தேவை. அமைப்பின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். இரவுச் சந்தையிலும் வாட்சப்பிலும் வரும் புட்டிகளில் எந்த எண்ணும் இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவர் வார்த்தை மட்டுமே சாட்சி.

"கறுப்பு மருதாணி" என்ற பெயரில் வருவது மருதாணி அல்ல. மருதாணி தருவது செம்பழுப்பு நிறம் மட்டுமே. கறுப்பு வேண்டுமென்றால் அவுரி சேர்க்க வேண்டும், அல்லது பிபிடி என்ற இரசாயனச் சாயம் கலந்திருக்க வேண்டும். பின்னது சிலருக்குத் தலை, முகம், கண்ணிமை எல்லாம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். எந்தச் சாயமாக இருந்தாலும், மூலிகை எண்ணெயாக இருந்தாலும், காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் உதிர்வு நிற்காமலிருந்தாலோ, திட்டாக முடி போனாலோ, தலைத்தோலில் புண், சீழ், தழும்பு தெரிந்தாலோ அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். இரத்தச் சோதனைக்கு எழுதித் தரவும், தேவைப்பட்டால் தோல் மருத்துவரிடம் அனுப்பவும் அங்கே வழி உண்டு. போகும்போது தலைக்குத் தடவிவரும் எண்ணெய்ப் புட்டியையும், சாப்பிடும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. டிங்கியோ பிரசவமோ அறுவை சிகிச்சையோ கடந்த ஓராண்டில் நடந்திருந்தால் அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டு போனால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.